மாதம் ஒரு காலை

மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் வட்டாரத்து அடுக்ககச் சங்கத்தாருக்கும் குடியிருப்போர் நலச் சங்கத்தாருக்கும்,



உங்கள் அடுத்த பொதுக்குழுவில் ஒரே ஒரு தீர்மானத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்டு இந்த மடலை எழுதுகிறேன். லிஃப்ட் பராமரிப்பு, தண்ணீர் லாரிக் கணக்கு, பார்க்கிங் தகராறு எல்லாம் பேசி முடித்து, காபி வரும் நேரத்தில் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். நம் வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவர்கள், சமைக்கிறவர்கள், நம் பெரியவர்களைக் குளிப்பாட்டுகிறவர்கள், நம் கேட்டில் இரவெல்லாம் கண்விழிக்கிறவர்கள் ஆகியோரில் சுகரும் பி.பி.யும் உள்ளவர்களைப் பற்றியது அது. அவர்களுக்கு அரசு மாத்திரையை இலவசமாகத் தருகிறது. அந்த மாத்திரையை வாங்கப் போகும் காலைப்பொழுது அவர்களுக்கு இலவசமாகக் கிடைப்பதில்லை. அதற்கு விலை வைத்திருப்பவர்கள் நாம்.

அரசைக் குறை சொல்லிவிட்டு எழுந்து போய்விடக்கூடிய விஷயம் இல்லை இது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் தொடங்கப்பட்டது. மொத்தமாகக் கொள்முதல் செய்து மாநிலம் முழுவதும் மருந்து அனுப்பும் அந்த ஏற்பாட்டை மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் படித்துக்கொண்டு போயின. மெட்ஃபார்மினும் அம்லோடிபினும் சின்ன ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில்கூடக் கிடைப்பதற்கு அதுதான் காரணம். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. 2024-இல் ஐ.நா. விருதும் கிடைத்தது.

ஆனாலும் கணக்கு இன்னும் நேராகவில்லை. மாநில அரசு 2020-இல் நடத்திய ஸ்டெப்ஸ் ஆய்வின்படி, பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு ரத்த அழுத்தம், ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குச் சர்க்கரை. ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கும் சர்க்கரை உள்ளவர்களில் 10.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே அது கட்டுக்குள் இருந்தது. அடுத்த சுற்று ஆய்வில் இரண்டுமே சுமார் 17 விழுக்காட்டுக்கு ஏறின. நல்ல முன்னேற்றம்தான். அப்படியும் ஆறில் ஐந்து பேருக்கு நோய் கட்டுப்படவில்லை. இதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். அவற்றில் ஒன்று நம் கையில் இருக்கிறது.

'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலர் மாத்திரைப் பையோடு அகரம்தென்னிலோ மப்பேட்டிலோ ஒரு வாடகை வீட்டுக் கதவைத் தட்டும் பதினோரு மணிக்கு, அந்த வீட்டு அம்மா இங்கே நம் சமையலறையில் நிற்கிறார். கதவு பூட்டியிருக்கும். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போவார்கள். சில மாதம் மாத்திரை கைக்கு வரும், சில மாதம் வராது. வந்தாலும் ரத்தம் எடுத்துப் பார்க்க, டாக்டர் மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ, ஆள் நேரில் போய்த்தான் ஆகவேண்டும்.

நேரில் போகும் அந்தக் காலை எப்படிக் கழியும் என்று நம்மில் பலருக்குத் தெரியாது. நாம் தனியார் லேபில் ஆளை வீட்டுக்கு வரச்சொல்லிக் கையை நீட்டுகிறவர்கள். அவர் ஏழரைக்கே போய்ச் சீட்டு வரிசையில் நிற்கவேண்டும். மருந்து எழுதிய, ஓரம் கிழிந்த பழைய நோட்டைக் காட்டவேண்டும். எடை, பி.பி., பிறகு வெறும் வயிற்றில் ஒரு ரத்தம். "போய்ச் சாப்பிட்டுட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்க, இன்னொரு ரத்தம் எடுக்கணும்" என்பார் நர்ஸ். டப்பாவில் கொண்டுபோன இட்லியைத் தின்றுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தால் போன் அடிக்க ஆரம்பிக்கும். "எப்ப வருவே? சிங்க் நிறையக் கிடக்கு." அடுத்த வீடு: "சொல்லவே இல்லையே, எனக்கு ஆபீஸ் கால் இருக்கு." இரண்டாவது ரத்தமும் கொடுத்து, முடிவு வந்து, டாக்டரைப் பார்த்து, மருந்துக் கவுன்ட்டரில் நின்று வெளியே வரும்போது மணி பன்னிரண்டை நெருங்கியிருக்கும். ஆறரைக்கு முதல் வீடு, ஒரு மணிக்குள் நான்காவது வீடு என்று ஓடுகிறவருக்கு அன்றைய பிழைப்பு மொத்தமும் போயிற்று.

நான்கு வீடு, வீட்டுக்கு 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 12,000. முப்பதால் வகுத்தால் ஒரு நாளைக்கு 400. மாதம் ஒரு நாள் சம்பளம் பிடித்தால் ஆண்டுக்கு 4,800. அரசு 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகையை மாதம் 1,000 ரூபாயில் தொடங்கியது. அந்தக் கணக்கில் பார்த்தால், கிட்டத்தட்ட ஐந்து மாதத் தொகையை நம் சம்பளப் பிடித்தம் விழுங்கிவிடுகிறது. அரசு ஒரு கையால் கொடுப்பதை நாம் இன்னொரு கையால் வாங்கிக்கொள்கிறோம்.

இந்த 400 ரூபாய்க்குப் பயந்துதான் பரிசோதனை தள்ளிப்போகிறது. மகளை அனுப்பிப் பழைய நோட்டைக் காட்டி மாத்திரை மட்டும் வாங்கிக்கொள்வார்கள். தீர்ந்துபோனால் அக்கம்பக்கத்தில் சுகர் உள்ளவரிடம் நான்கு மாத்திரை கைமாற்று. அல்லது ஒன்றைப் பாதியாக உடைத்து இரண்டு நாளுக்கு ஓட்டுவது. உடம்பு ஒன்றும் சொல்லாது. ஒன்றும் சொல்லாமலேயே கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்பையும் தின்றுகொண்டிருக்கும்.

அந்தக் கட்டத்தில் காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேரக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும், அதாவது மாதம் 10,000. நாம் பார்த்த அம்மாவின் 12,000 ஆண்டுக்கு 1,44,000 ஆகிறது. கறாராகப் பார்த்தால் கணவர் சம்பாத்தியத்தைச் சேர்க்காமலேயே அவர் வரம்பைத் தாண்டிவிட்டார். அட்டை கிடைத்தாலும் அது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு உதவுவது. டயாலிசிஸுக்கு உண்டு, இதய அறுவைச் சிகிச்சைக்கு உண்டு. சிறுநீரகம் கெட்ட பிறகு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கொடுக்க ஏற்பாடு இருக்கிறது. அது கெடாமல் காக்கும் ஒரு காலைப்பொழுதுக்கு 400 ரூபாய் கொடுக்க ஏற்பாடு இல்லை.

நம் பக்கத்திலேயே தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் இருக்கிறது. 1984-இல் வந்த ஏற்றுமதி வளாகம். அங்கே ஒரு கம்பெனியில் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் பெண்ணுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. நோய்க்காக டாக்டர் ஓய்வு எழுதிக்கொடுத்தால், தகுதி இருப்பவர்களுக்கு ஆண்டில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 விழுக்காடு வரும். அதே தெருவில் குடியிருக்கும் அவருடைய தங்கை நம் வீட்டுக்கு வேலைக்கு வந்தால் அவருக்கு அப்படி எதுவும் கிடையாது. வீட்டுப் பணியாளருக்கென்று தமிழ்நாட்டில் 2007-இல் நல வாரியம் வந்தது. உலகத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் தனி உடன்படிக்கையே கொண்டுவந்தது. இந்தியா அதை இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், இவர்களுக்குச் சட்டப் பாதுகாப்புத் தருவது பற்றி ஆராயக் குழு அமைக்கும்படி மத்திய அரசிடம் சொன்னது. சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை நம் கட்டடத்தில் சட்டம் போடுகிறவர்கள் நீங்கள்தான். எந்த லிஃப்டில் யார் ஏறலாம், எத்தனை மணிக்குக் கேட் திறக்கும், பையைச் சோதிக்கவேண்டுமா என்றெல்லாம் தீர்மானம் போட்ட சங்கங்களுக்கு, மாதத்தில் ஒரு காலையைத் தீர்மானிக்க முடியாதா?

கேட்பது இரக்கத்தை இல்லை. இரக்கம் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. தீபாவளிக்குப் புடவையும் ஒரு மாதச் சம்பளமும் கொடுக்கிறோம். பள்ளி திறக்கும்போது பிள்ளை ஃபீஸுக்கு முன்பணம் கொடுக்கிறோம். ஆனால் இரக்கம் ஆளைப் பார்த்து, மனநிலையைப் பார்த்து வருவது. மூன்றாவது மாடியில் கிடைக்கும், ஐந்தாவது மாடியில் கிடைக்காது. நாலு வீட்டில் மூன்று வீடு சரி என்று சொல்லி ஒரு வீடு முகம் சுளித்தாலும் அவர் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டார். அதனால்தான் தனித்தனி வீட்டிடம் கேட்காமல் சங்கத்திடம் கேட்கிறேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. எங்கள் அடுக்ககத்தில் ஒரு நாள் காலை, வேலைக்கு வரும் அக்கா ஒருவர் இரண்டாவது மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டார். கை நடுங்கியது, நெற்றியெல்லாம் வியர்வை. மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிட நேரமில்லாமல் ஓடிவந்திருக்கிறார். "ஒண்ணுமில்ல சார், லோ சுகர். ஒரு முட்டாய் இருந்தா குடுங்க." மிட்டாயை வாயில் போட்டு, கொஞ்சம் தெளிந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "மூணாவது மாடியில சொல்லிடாதீங்க." சுகர் என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலையாக இருந்தால் அந்தப் பயம் இரண்டு மடங்கு. ஆகவே 'நோயாளிகளுக்கு மட்டும் லீவு' என்று விதி போட்டால் யாரும் கேட்டு வரமாட்டார்கள். யாருக்கு என்ன நோய் என்று கேட்காமல், சீட்டு காட்டச் சொல்லாமல், எல்லாருக்கும் பொதுவாக இருந்தால்தான் அது பயன்படும்.

நம் வீட்டுக்குள்ளேயே நோயை வளர்க்கும் பழக்கங்கள் சிலவும் உண்டு. அவற்றை மாற்றப் பணம்கூட வேண்டாம்.

முதலாவது கழிவறை. சர்க்கரை கூடினால் அடிக்கடி சிறுநீர் வரும். பி.பி.க்கு நீர் மாத்திரை எழுதியிருந்தால் காலையில் அதைப் போட்டதிலிருந்து இன்னும் அதிகம். நான்கு வீடுகளின் குளியலறையையும் தேய்த்துக் கழுவுகிறவருக்கு அந்த நான்கில் ஒன்றைக்கூடப் பயன்படுத்த அனுமதி இல்லை. கீழே பார்க்கிங்கில் ஒன்று இருக்கும், தண்ணீர் வராது, அல்லது பூட்டியிருக்கும். எனவே அவர்கள் தண்ணீரே குடிப்பதில்லை, நீர் மாத்திரையைப் போடுவதில்லை. சிறுநீரை அடக்கி அடக்கித் தொற்று வருகிறது. டாக்டர் எழுதிய மருந்தை நம் வீட்டுக் கழிவறைப் பூட்டு தடுத்து நிறுத்துகிறது.

இரண்டாவது செருப்பு. சர்க்கரை உள்ளவர்கள் வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக்கூடாது என்று எல்லா டாக்டரும் சொல்கிறார்கள். கால் நரம்பு மரத்துப்போனால் கண்ணாடிச் சில்லு குத்தினாலும் தெரியாது. நம் வீட்டு வழக்கமோ செருப்பை வாசலில் விடுவது. ஒரு வீட்டுப் பால்கனியில் சோப்புத் தண்ணீரில் நின்று, அடுத்த வீட்டுக் கழிவறையில் ஆசிட்டில் நின்று, விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்து, அது ஆறாமல் விரலையே எடுக்கும்வரை போகிறது. வீட்டுக்குள் போட்டுக்கொள்ள ஒரு ஜோடி ரப்பர் செருப்பை ஒவ்வொரு வீட்டிலும் வைத்தால் போதும். பூஜை அறையைத் துடைக்கும்போது கழற்றிக்கொள்ளட்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது சாப்பாடு. மாத்திரை போட்டவர் நேரத்துக்குச் சாப்பிடவேண்டும். நாம் கொடுப்பது இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட காபியும் நேற்று மீந்த சோறும். நியாயவிலைக் கடையில் விலையில்லா அரிசி கிடைப்பதால் அவர்கள் வீட்டிலும் மூன்று வேளையும் சோறுதான். 'சோத்தைக் குறைச்சுக் காய்கறி, சுண்டல், முட்டை சேத்துக்கோங்க' என்று நோட்டில் எழுதிக்கொடுப்பார்கள். சோறு ரேஷனில் வருகிறது, மற்ற எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்கவேண்டும். நாம் ஒன்றும் விருந்து வைக்கவேண்டாம். காலையில் சாப்பிட்டாயா என்று கேட்டு, பத்து நிமிடம் உட்கார்ந்து சாப்பிட இடம் கொடுத்தால் லோ சுகரில் யாரும் படியில் சாயமாட்டார்கள்.

'நாங்களும் கடன்காரர்கள்தான், பாதிச் சம்பளம் இ.எம்.ஐ.க்குப் போகிறது' என்று சிலர் சொல்வீர்கள். உண்மை. ஆனால் நான் கேட்பதற்கு ஒரு வீட்டுக்கு ஆகும் செலவு மாதம் 100 ரூபாய். அதையும் புதிதாக யாரும் எடுத்துக் கொடுக்கவேண்டாம், பிடிக்காமல் விட்டால் போதும். அன்று ஒரு வேளைப் பாத்திரத்தை நாமே தேய்த்துக்கொள்ளவேண்டும். 'ஏற்கெனவே சொல்லாமல் கொள்ளாமல் லீவு போடுகிறார்களே' என்று வேறு சிலர் கேட்பீர்கள். சொன்னால் சம்பளம் பிடிபடும் என்னும்போது யார் சொல்வார்கள்? மாதத்தின் முதல் வாரத்திலேயே தேதி குறித்துவிட்டால் நமக்கும் நிம்மதி, வாட்ஸ்அப் குழுவில் 'இன்னிக்கு வரலியா?' என்று கேட்டுக்கொண்டிருக்கவேண்டாம்.

காவலர்களை மறந்துவிடக்கூடாது. அவர்களில் பலர் ஐம்பதைத் தாண்டியவர்கள், பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், பெரும்பாலும் இரவு. இவர்களை ஏஜென்சி மூலம் வைத்திருக்கிறோம், மாதா மாதம் பில் கட்டுகிறோம். அந்த பில்லில் இ.எஸ்.ஐ. என்று ஒரு வரி இருக்கும். அந்தப் பணம் உண்மையிலேயே கட்டப்படுகிறதா, கேட்டில் நிற்கும் பெரியவரிடம் இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா என்று உங்கள் பொருளாளர் ஒரு முறை கேட்டுப் பார்க்கட்டும்.

நாள்பட்ட நோயும் ஏழ்மையும் சேர்ந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை தேடிய ஊர் நம்முடையது. டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் காசநோய் சானடோரியத்தை 1928-இல் தொடங்கினார், 1937-இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் காசநோய்க்கு வைத்தியம் என்றால் நோயாளியை வேலையிலிருந்தும் வீட்டிலிருந்தும் பிரித்துக் கொண்டுபோய் மாதக்கணக்கில் படுக்கவைப்பதுதான். 1956-இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையம் வந்தது. நெருக்கடியான குடியிருப்பில் வாழும் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் வைத்தும், ஒரு பகுதியினரை அவர்கள் வீட்டிலேயே வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959-இல் முடிவு வெளியானது. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குத் தேறியிருந்தார்கள். அதற்குப் பிறகு உலகம் முழுவதும் காசநோய் வைத்தியத்தின் முறையே மாறிற்று. அந்த ஆய்வில் ஏழைகள் குணமானதற்குக் காரணம், மருந்து அவர்கள் கைக்குத் தொடர்ந்து கிடைக்கவும், அவர்கள் அதை விடாமல் சாப்பிடுகிறார்களா என்று பார்க்கவும் ஏற்பாடு இருந்ததுதான். ஏழையாக இருப்பதால் வைத்தியம் பலிக்காது என்பதில்லை, இடையில் விட்டுப்போனால்தான் பலிக்காது. சுகருக்கும் பி.பி.க்கும் இது அப்படியே பொருந்தும். ஒரே வித்தியாசம், காசநோய்க்கு மருந்து சில மாதத்தில் முடிந்துவிடும், இவற்றுக்கு ஆயுளுக்கும் வேண்டும். ஆயுள் முழுக்க மாதம் ஒரு நாள் சம்பளத்தை இழந்துகொண்டு யாராலும் விடாமல் மருந்து சாப்பிட முடியாது.

தொழிற்சாலைகளுக்கே போய்ப் பரிசோதிக்கும் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' 2024-இல் தொடங்கியது. நூறு வீடுள்ள அடுக்ககத்தில் தினமும் வேலைக்கு வருகிறவர்களை எண்ணிப் பாருங்கள். சிறிய பட்டறை ஒன்றின் ஆள் பலத்துக்கு அது குறையாது. சங்க அரங்கில் மத்தியானம் இரண்டு மணிக்கு, அவர்கள் வேலை முடியும் நேரத்தில், சர்க்கரையும் பி.பி.யும் பார்க்க ஒரு முகாம் நடத்தித் தரும்படி தாம்பரம் மாநகராட்சியின் சுகாதாரப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நம் வீட்டுப் பெரியவர்களும் அதே வரிசையில் நின்று பார்த்துக்கொள்ளலாம்.

தீர்மானத்தை நீங்கள் உட்கார்ந்து யோசிக்கவேண்டாம், எழுதியே தருகிறேன்:

"இந்த வளாகத்தில் வேலை செய்யும் வீட்டுப் பணியாளர், தூய்மைப் பணியாளர், காவலர் அனைவருக்கும் மாதம் ஒரு முழுக் காலை, சம்பளப் பிடித்தம் இல்லாமல், மருத்துவத்துக்காக விடப்படும். காரணமோ சீட்டோ கேட்கப்படாது. தேதியை அவர்களே முன்கூட்டிச் சொல்வார்கள். வளாகத்தில் ஒரு கழிவறை தண்ணீர் வசதியுடன், பூட்டப்படாமல், அவர்களுக்கென்று இருக்கும். வேலை நேரத்தில் வீட்டுக்குள் செருப்பு அணிய அனுமதி உண்டு. சாப்பிடப் பத்து நிமிடம் உண்டு. உடல்நலக் காரணத்துக்காக யாரையும் வேலையிலிருந்து நிறுத்துவதற்கு முன், வேறு வேலை கொடுக்க முடியுமா என்று சங்கம் பார்க்கும்."

இதை முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் போதும். நிறைவேற்றியதும் ஒரு நகலை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். இன்னொன்றை வேலைக்கு வருகிறவர்கள் கையெழுத்துப் போடும் நோட்டுக்குப் பக்கத்தில், படிக்கத் தெரியாதவர்களுக்குக் காவலர் வாசித்துக் காட்டும்படி, தொங்கவிடுங்கள். இந்த மாதக் கூட்டம் முடிந்துவிட்டது என்றால் அடுத்த கூட்டம்வரை காத்திருக்கவேண்டாம். உங்கள் வீட்டளவில் நாளைக்கே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்,
மாடம்பாக்கம்.